பெயர் போடாத ஜெபக் குறிப்பு

சேலையூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த மதியம்.

என் அன்பு ஹெப்சிக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் குறையில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்தபடி போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்பதே காலையும் மாலையும் எங்கள் வேண்டுதல். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார், கேம்ப் ரோடு பேக்கரிக்காரர் அப்படிச் சொல்ல மாட்டார். எனக்கு முழங்கால் வலி மாடி ஏறும்போது மட்டும்தான். இந்த வருஷ மழையில் நம் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை, பள்ளிக்கரணைப் பக்கம்தான் வழக்கம்போல வண்டிகள் நின்று நின்று போயின. எதிர் வீட்டு ஜெயஸ்ரீயின் மகன் அடுத்த வாரம் டப்ளின் போகிறான், அங்கிருந்து நீ இருக்கும் கார்க் ஊருக்குப் பார்சல் போட்டுவிடுகிறேன் என்றான், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், நீ விட்டுப்போன இரண்டு சுடிதார் இவற்றோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துத்தானே பேசுகிறோம், கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் கேட்டால் எங்கள் முகத்தைப் பார்த்ததும் “சரிம்மா” என்று சொல்லிவிடுவாய். இது நீ தனியாக உட்கார்ந்து யோசித்துச் சொல்ல வேண்டியது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீயும் சூர்யாவும் பிரிந்து, நீ தனி வீட்டுக்கு மாறியதாக மார்ச் மாதம் எங்களிடம் சொன்னாய். அதை இங்கே நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சபையில் யார் கேட்டாலும் “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, ஸ்தோத்திரம்” என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இப்போது அப்பா, சனிக்கிழமை நம் வீட்டுக்கு வரும் சிலரிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்கிறார். உன் சம்மதம் இல்லாமல் கூடாது என்று நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்த எண்ணம் அவருக்கு ஏன் வந்தது என்பதை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு சொல்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு நம் சபை மாறிவிட்டது. இடம் அதேதான், டைல்ஸ் கடைக்கு மேலே அதே மாடி ஹால், அதே மின்விசிறிகள். புதிதாக வந்த சாலமன் பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை நடுவில் நிறுத்தி, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடைய பிள்ளைகளின் பெயர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றார். சில கைகள்தான் எழுந்தன, அதிலும் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சொந்தத் தம்பி. “வாரா வாரம் ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துட்டு வீட்டுக்குப் போறோம். இதுக்குப் பெரிய ஹால் எதுக்கு?” என்று கேட்டார். பெரிய ஹால் வாடகைக்குப் பிடிக்கலாம் என்று சபையில் நடந்துவந்த பேச்சு அன்றோடு நின்றது. அதற்குப் பதிலாகச் சபையைச் சின்னச் சின்ன வீட்டுக் கூட்டங்களாகப் பிரித்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டு வர வேண்டும், முதலில் சாப்பாடு, பிறகுதான் ஜெபம். சாப்பிட்ட பிறகு யாருக்கும் கிளம்பும் அவசரம் இருக்காது என்பது அவர் கணக்கு. பாத்திரம் கழுவுவது ஆண்கள் வேலை. உன் அப்பா பாத்திரம் தேய்க்கும் அழகைப் பார்க்க நீ இல்லையே என்று நினைத்துக்கொள்வேன், இட்லித் தட்டை இன்னும் ஒரு பக்கம் மட்டும்தான் தேய்க்கிறார்.

நம் வீட்டுக் கூட்டத்தில் எங்களோடு, செம்பாக்கத்திலிருந்து வரும் ஒரு ஆசிரியத் தம்பதி, பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் ஒரு நர்ஸ் பெண், பிறகு கதிரேசனும் அவன் மனைவி ஸஹானாவும். கதிரேசனை உனக்கு நினைவிருக்கும், வேங்கைவாசல் பொன்னுசாமியின் மகன், கிறிஸ்துமஸ் கீதபவனியில் டிரம் அடிப்பானே அவன்தான். சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை, நாலு தெரு தள்ளி வாடகைக்குக் குடியிருக்கிறான். அவன் அப்பா பொன்னுசாமி தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா அம்மணி வீட்டு வாசலில் இட்லிக் கடை போடுகிறாள். அவர்கள் இருவரும் வேங்கைவாசல் கூட்டத்துக்குப் போகிறவர்கள். ஆட்டோவில் ஏறுகிற பயணியிடமெல்லாம் “எம் புள்ள சிறுசேரில கீறான் சார், ஐ.டி.” என்று சொல்லாமல் பொன்னுசாமி சில்லறை வாங்க மாட்டார்.

ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் அவரவர் மனதில் உள்ளதைச் சொல்வோம், அதற்காக ஜெபிப்போம். பிறகு பரீட்சை, காய்ச்சல், விசா மாதிரி பொதுவானவற்றை மட்டும் அப்பா ஜெபக் குறிப்பாக எழுதிச் சபையின் வாட்ஸப் குழுவில் போடுவார். வீட்டில் பேசியது வீட்டோடு இருக்க வேண்டும் என்று பாஸ்டர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். போன மாதம் ஒரு சனிக்கிழமை கதிரேசன் சாப்பிடாமல் தட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஜெப வேளையில், கம்பெனியில் ஆட்களைக் குறைத்ததில் தன் வேலை போய்விட்டது என்றான். அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லவில்லை, வேறு வேலை கிடைத்ததும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன், “ஆட்டோல போறவங்ககிட்ட எல்லாம் என்னைப் பத்திப் பேசுறாரு ஆன்ட்டி, அவர்கிட்ட எப்படிச் சொல்றது” என்று என்னைப் பார்த்துக் கேட்டான். எல்லாரும் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தோம். ஸஹானா என் முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டாள். வந்ததிலிருந்து அன்றுதான் அவர்கள் இருவரும் மனம் விட்டுச் சிரித்து, இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு போனார்கள்.

அன்று படுக்கப் போகுமுன் உன் அப்பா போனை எடுத்தார். ஏழு பேர் ஜெபிப்பதைவிடச் சபையே ஜெபித்தால் அந்தப் பையனுக்குச் சீக்கிரம் வழி திறக்கும் என்பது அவர் நினைப்பு. பெயர் போடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். அவர் எழுதியதை அப்படியே எடுத்துத் தருகிறேன்: “சிறுசேரியில் மென்பொருள் பணியை இழந்து, பெற்றோரிடம் சொல்ல முடியாமல் தவிக்கும் நம் சபையின் அருமையான வாலிபச் சகோதரருக்காகவும் அவர் மனைவிக்காகவும் பாரத்தோடு ஜெபிப்போம். பெயரை ஆண்டவர் அறிவார்.” ஆண்டவர் மட்டும்தானா அறிவார்? நம் சபையில் சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவன் அவன் ஒருவன்தான். விடிவதற்குள் வரிசையாகக் கூப்பிய கைகளும் ஆமென்களும் வந்துவிட்டன, ஒருவர் “கதிரேசன் பிரதர், தைரியமாயிருங்கள்” என்றே எழுதியிருந்தார். நான் காலையில் பார்த்துவிட்டு, என்னங்க இது என்று கேட்டேன். “பேரு போடலையே” என்றார் பெருமையாக. அழிக்கச் சொன்னேன், அழித்தார், அதற்குள் பார்க்காதவர்கள் யாரும் மீதி இல்லை.

பொன்னுசாமியிடம் ஸ்மார்ட் போன் கிடையாது. திங்கட்கிழமை காலை நம் சபை சகோதரி ஒருவர் சேலையூரில் அவர் ஆட்டோவில் ஏறியிருக்கிறார். நல்ல மனதோடுதான், முன் சீட்டுப் பக்கம் குனிந்து, கவலைப்படாதீங்க அண்ணே, உங்க மகன் வேலைக்காக நாங்க எல்லாரும் ஜெபிக்கிறோம் என்றாராம். “அவனுக்கு இன்னாத்துக்கு வேலை, அவன்தான் வேலைல கீறானே” என்று இவர் சிரித்திருக்கிறார். சகோதரி பேச்சை மாற்றப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. ஆட்டோ நிறைய ஆள். அதற்குப் பிறகு பொன்னுசாமி, செம்பாக்கத்தில் இறங்க வேண்டிய அந்தச் சகோதரி நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று சொல்லியும் காதில் விழாமல் மேடவாக்கம் வரை கொண்டுபோய்விட்டார்.

அன்று மத்தியானமே அம்மணி நம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வா என்றால் வரவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அப்பாவைப் பார்த்து, “தசரதண்ணே, எம் புள்ள வூட்ல இன்னா நடக்குதுன்னு ஊருக்கே தெரிஞ்சிகீது, எனுக்குத்தான் தெர்ல. பெத்தவ நானு. நீங்க குரூப்பு அட்மினு. யாருகிட்ட கேட்டுகினு போறதுன்னு சொல்லுங்க, இனிமே அங்கியே வந்து கேட்டுக்கறேன்” என்றாள். அப்பா செருப்பில்லாமல் கேட் வரைக்கும் ஓடினார், அவள் போய்விட்டாள். சாயங்காலம் ஸஹானா வந்து, எங்களிடம் இரவல் வாங்கியிருந்த இட்லிப் பானையைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. கதிரேசன் வாட்ஸப் குழுவிலிருந்து விலகிவிட்டான். அந்தச் சனிக்கிழமை இருவரும் வரவில்லை, ஆசிரியத் தம்பதியும் வரவில்லை. நர்ஸ் பெண் மட்டும் வந்து, சாப்பிட்டு, ஜெப வேளையில் “எனக்கு ஒண்ணுமில்ல ஆன்ட்டி, எல்லாம் நல்லா இருக்கு” என்றாள். வாரம் தவறாமல் தன் அண்ணன் குடிப்பதைச் சொல்லி அழுகிறவள். ஒரே ஒரு குறிப்பில் நம் வீட்டுக் கூட்டம் முதுகைப் பார்த்து உட்கார்ந்த பழைய கூட்டமாகிவிட்டது.

உன் அப்பாவைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அந்த வாரம் முழுக்க அவர் பேக்கரிப் பக்கமே போகவில்லை, அதிலிருந்து நீயே புரிந்துகொள். சபைக் குழுவில் எல்லாருக்கும் ஒரு மன்னிப்புச் செய்தி எழுதி, வசனமெல்லாம் போட்டு, அனுப்பும் நேரத்தில் நான் போனைப் பிடுங்கினேன். “ஒரு தடவை ஊருக்குச் சொன்னது போதாதா, அதுக்கு உரையும் எழுதணுமா” என்று கேட்டேன். சாலமன் பாஸ்டர் வந்தார், ஞாயிறு பிரசங்கத்தில் நாவடக்கம் பற்றிப் பேசட்டுமா என்றார். ஐயா, நீங்கள் பேசினால் எல்லாரும் கதிரேசனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள், பிரசங்கம் வேண்டாம், போய்ப் பார்ப்போம் என்றேன். அவரும் சின்ன வயதுதான், தலையைச் சொறிந்துகொண்டு “சரிதாம்மா” என்றார். மூன்று பேரும் போனோம்.

கதிரேசன் நாற்காலி எடுத்துப் போட்டான், தண்ணீர் கொடுத்தான். அப்பா, நான் செய்தது தப்பு, என் ஆர்வக் கோளாறு, மன்னித்துக்கொள் என்று நேராகச் சொன்னார். அவன் பெரிதாகக் கோபப்படவில்லை. எப்போதும் அங்கிள் என்று கூப்பிடுகிறவன் அன்று சார் என்றான். “நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன் சார், அது முடிஞ்சுது. வேல போனா இன்னாடா, எங்கிட்ட சொல்ல இன்னா வெக்கம்னு கேட்டு அழுதாரு. அது எங்க வீட்டு அழுகை. எனக்கு ஒண்ணுதான் சார் புரியல. ரெண்டு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை உக்கார்றோம், நாங்க எல்லாத்தையும் தொறந்து கொட்டுறோம். உங்க வீட்லேர்ந்து ஒரு விஷயம், ஒரே ஒரு விஷயம் வந்திருக்கா? உங்க முறை வந்தா, எங்களுக்கு ஒண்ணுமில்ல, பொண்ணு மாப்பிள்ள நல்லா இருக்காங்க, ஸ்தோத்திரம். அவ்ளோதான். அப்ப எங்க கஷ்டம் மட்டும் குறிப்பு, உங்களுது ரகசியம், அப்படித்தானே சார்?” ஹெப்சி, அவனுக்கு உன் விஷயம் தெரியாது. பொதுவாகத்தான் கேட்டான். ஆனால் நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அப்பா ஸ்கூட்டரில் நம் தெருவைத் தாண்டி நேரே போய்விட்டார், நான் தோளில் தட்டிய பிறகுதான் திருப்பினார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, “அவன் கேட்டதுல என்ன தப்பு? வர்ற சனிக்கிழமை ஹெப்சி விஷயத்தைச் சொல்லிடப் போறேன்” என்றார். நான் சொன்னேன், அது அவள் விஷயம். கதிரேசன் விஷயத்தை அவனைக் கேட்காமல் ஊருக்குக் கொடுத்தீர்கள், அதற்குப் பரிகாரமாக இப்போது பெண் விஷயத்தை அவளைக் கேட்காமல் கொடுக்கப் போகிறீர்களா என்றேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “அப்ப நான் என்னதான் சொல்லட்டும் அவன்கிட்ட” என்றார்.

போன சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் கதிரேசன் குடும்பத்தை மட்டுமல்ல, பொன்னுசாமியையும் அம்மணியையும் சேர்த்துக் கூப்பிட்டேன். வருவார்கள் என்ற நம்பிக்கை இல்லை. அம்மணி ஒரு தூக்கு நிறைய கருவாட்டுக் குழம்போடு வந்தாள், நேரே அடுப்படிக்குப் போய்ச் சூடு பண்ணினாள். பொன்னுசாமி, வெளியே ஆட்டோவைப் பூட்டவில்லை, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவைத்தார். ஸஹானா பெண்களோடு உட்கார்ந்தாள். கதிரேசன் கடைசியில் வந்து, செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றான். சாப்பாடு நடந்தது, பேச்சு அதிகம் இல்லை, குழம்பை மட்டும் எல்லாரும் இரண்டாம் முறை கேட்டார்கள். ஜெப வேளை வந்தபோது அப்பா எழுந்து நின்றார். அவர் சொன்னது இவ்வளவுதான்: “எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. நல்லா இருக்காங்கன்னு நான் சொன்னது நிஜமில்ல. என்னன்னு சொல்ற உரிமை எனக்கு இல்ல, அது என்னோடது மட்டுமில்ல. ஆனா பாரமா இருக்கு. எனக்காக ஜெபிங்க.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா நாலு பேர் முன்னால் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

யாரும் கேட்கவில்லை ஹெப்சி. பொண்ணுக்கா, மாப்பிள்ளைக்கா, உடம்புக்கா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அம்மணிதான் முதலில் பேசினாள். “அண்ணே, சொல்லவே சொல்லாத. எங்களுக்கு இன்னாத்துக்கு அது. உனுக்கு வலிக்குதுன்னா வலிக்குது, அவ்ளோதான்” என்றாள். பொன்னுசாமி, “சொல்லிட்டா நைட்டு குரூப்ல வந்துரும்ணே” என்றார். ஒரு நொடி எல்லாரும் திகைத்துப் போனோம், பிறகு அப்பாவே முதலில் சிரித்தார், அழுகையும் சிரிப்புமாக இருமல் வந்து ஆசிரியர் முதுகைத் தட்டிவிட்டார். கதிரேசன் சுவரை விட்டு வந்து, அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஜெபித்தான். நீளமான ஜெபம் இல்லை. அங்கிள் வீட்டில் யார் தூங்காமல் இருக்கிறார்களோ அவர்களைத் தூங்க வையும் ஆண்டவரே என்றான். எனக்கு உன் நினைவு வந்தது, அங்கே அப்போது பகல், நீ ஆபீஸ் வேலையோ துணி துவைக்கிற வேலையோ பார்த்துக்கொண்டிருப்பாய், ஆனாலும் உன் நினைவுதான் வந்தது. ஜெபம் முடிந்ததும் அந்த நர்ஸ் பெண், போன வாரம் நான் சொல்லலை, அண்ணன் இன்னும் குடியை விடலை என்று அவளாகவே சொன்னாள். அப்பா இப்போது எந்த ஜெபக் குறிப்பும் எழுதுவதில்லை, அந்தப் பொறுப்பையே பாஸ்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கதிரேசனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, பெருங்குடியில் ஒரு இடத்தில் இரண்டாவது சுற்று வரைக்கும் போயிருக்கிறான். சும்மா இருக்கிற நாளில் அப்பாவின் ஆட்டோவை ஓட்டுகிறான், ஏறுகிறவர்களிடம் “எங்கப்பா ஆட்டோ சார் இது” என்று சொல்கிறானாம்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. சனிக்கிழமை நம் வீட்டில் சாப்பிட உட்காருகிறவர்களிடம் மட்டும் உன் செய்தியைச் சொல்லலாமா? சொன்னால் இப்படித்தான் சொல்வோம்: எங்கள் மகள் தனியாக இருக்கிறாள், தைரியமாக இருக்கிறாள், அவளுக்காக ஜெபியுங்கள். காரணம் சொல்ல மாட்டோம், சூர்யாவைப் பற்றி ஒரு சொல் தாழ்த்திப் பேச மாட்டோம். போனில் எதுவும் போகாது. வேண்டாம் என்றால் வேண்டாம், அப்பாவுக்கு அது கஷ்டமாக இருக்கும், இருக்கட்டும், அவரைச் சுமக்க இங்கே ஆள் இருக்கிறார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது. உன்னைச் சுமக்க அங்கே யார் என்பதுதான் என் கவலை. ஞாயிறு ஆலயத்துக்குப் போகிறேன், காபி கொடுக்கிறார்கள், யாரும் பெயர் கேட்பதில்லை, வந்துவிடுகிறேன் என்று நீ போன வாரம் சொன்னாய். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதே. உன்னைப் போலவே காபிக் கோப்பையோடு தனியாக நிற்கிற ஒரு பெண்ணைப் பார்த்து வை, ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு ரசம் சோறு போடு. உன் கதையைச் சொல்ல வேண்டும் என்று இல்லை, சாப்பிட்டால் போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தினமும் குடும்ப ஜெபத்தில் அப்பா இன்னும் சூர்யாவின் பெயரையும் உன் பெயரோடு சேர்த்தே சொல்கிறார். உனக்கு அது பிடிக்காமல் போகலாம். உன்னிடம் கேட்காமல் செய்கிற காரியங்களில் அதுவும் ஒன்று என்று இப்போதுதான் எனக்குத் தோன்றியது. நிறுத்தச் சொன்னால் சொல்லிவிடுகிறேன். சத்தமாகச் சொல்வதை நிறுத்துவார், அதற்கு மேல் என்னால் உறுதி கொடுக்க முடியாது.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைவேலைகளை ஆசீர்வதித்து, நீ இருக்கும் வீட்டில் சமாதானம் தருவாராக. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, காபிக்குப் பிறகு போடாதே. பருப்புப் பொடி டப்பாவை அடுப்புப் பக்கத்தில் வைக்காதே. பதில் எழுத அவசரம் இல்லை, ஆனால் பதில் எழுது. கீழே அப்பாவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

என்றும் உன் அன்புள்ள
அம்மா

மகளே, அம்மா எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். நான் சொல்ல ஒன்றுதான் மீதி. நீ சொல் என்று சொல்லும்வரை நான் சொல்ல மாட்டேன். சொல்லாமலே ஜெபிக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன்.
அப்பா